ஏரியின் உள்வாயை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழைக்கு முன்பாகச் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, நடைபாதை அமைக்கும் பணிகளைப் பற்றிய செய்திகள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. அந்தச் செய்திகளில் 'மண்டிக்கிடந்த செடி கொடிகள் அகற்றப்பட்டன' என்ற வாக்கியம் தவறாமல் இடம்பெறுகிறது. அகற்றப்பட்ட செடிகள் எவை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மேற்குத் தாம்பரத்தில் 31 ஆண்டுகளாக நாட்டு மருந்துக் கடை நடத்தி, ஏரிக்கரையில் விளைவதை வாங்கி விற்றுப் பிழைப்பவன் நான். அந்த ஒற்றை வாக்கியத்தோடு லாரியில் ஏறிப் போவது என்னவென்று எனக்குத் தெரியும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தொண்டை மண்டலத்து ஏரிகளை வெட்டியவர்கள் அவற்றைக் கிண்ணம் போலத் தோண்டவில்லை. நிலம் சரியும் திசையைப் பார்த்து, தாழ்ந்த பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் கரை எழுப்பி, அதில் மதகும், மிகுதி நீர் வழிந்தோடக் கலங்கலும் வைத்து, உயர்ந்த பக்கத்தைத் திறந்தே விட்டார்கள். மழைநீர் வரத்துக் கால்வாய் வழியாகவும் நிலத்தின் மேல் பரவியும் வந்து இறங்குகின்ற அந்தத் திறந்த பக்கத்தைத்தான் உள்வாய் என்கிறோம். அங்கே தண்ணீர் கணுக்காலில் தொடங்கி, முழங்காலுக்கு வந்து, இடுப்பளவுக்குப் போக நெடுந்தூரம் நடக்க வேண்டும். வெயில் அடிமண் வரை இறங்கும் இடம் அது. ஏரியில் பூக்கும் செடிகள் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கின்றன. கரையோரத்து ஆழத்தில் அவற்றுக்கு வேலை இல்லை.

கார்த்திகையில் ஏரி நிறைந்து, மார்கழியில் தண்ணீர் தெளிந்ததும் முதலில் தலைகாட்டுவது ஆம்பல். மாலை இருட்டியபின் விரிந்து, மறுநாள் வெயில் ஏறும்வரை திறந்திருக்கும் வெள்ளைப் பூ அது. பூத்து முடிந்ததும் காய் தண்ணீருக்கு அடியில் போய் முற்றும். நீல நிறத்தில் பகலில் விரியும் அதன் உறவுச் செடியை நெய்தல் என்று கொள்வோர் உண்டு. அதே காலத்தில், நீண்ட இலைகளைத் தண்ணீர்மேல் படுக்கவிட்டு, நடுவிலிருந்து விரல் நீளத்துக்கு ஒற்றைக் கதிரை நீட்டும் கொட்டியைப் பார்க்கலாம். கதிர் முழுவதும் வெளிர் ஊதாப் பூக்கள், கடுகு கடுகாக. வள்ளைக்கீரை தன் பொள்ளல் தண்டின் மேல் மிதந்துகொண்டே வளர்ந்து, உள்ளே கருஞ்சிவப்பு படிந்த வெளிர்ப் பூவை நிமிர்த்தும். நீர்ச்சுண்டியின் தண்டில் பஞ்சு சுற்றியது போன்ற வெண்ணிற மேலுறை இருக்கும். அதுதான் அதை மிதக்க வைக்கிறது. நிலத்துத் தொட்டாற்சுருங்கியைப் போலவே அதன் இலையும் தொட்டால் மூடிக்கொள்ளும், ஆனால் பூ மட்டும் நல்ல மஞ்சள்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியபின் உள்வாயின் முகமே மாறிவிடும். ஈரம் விட்டுச்சென்ற வரிசையில் நீர்முள்ளி எழுந்து நிற்கும். ஒரு கணுவைக் கையில் பிடித்துப் பார்த்தால், இலைக்கொத்துக்கு நடுவே மஞ்சள் முட்கள் வட்டமாகப் புறப்படுவதும், அவற்றுக்கு இடையிலிருந்து நீலங்கலந்த ஊதாவில் உதடு பிரிந்த பூ எட்டிப் பார்ப்பதும் தெரியும். அந்த முள்ளுக்கு அஞ்சி ஆடு மாடு வாய் வைக்காததால், மயில் வசீகரன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் இலையைத் தின்று நிம்மதியாக வளர்கிறது. காய்ந்த விதையைத் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் வழுவழுப்பான கூழாகிவிடும். சித்த மருத்துவத்தில் வீக்கத்துக்கும் சிறுநீர் பிரிவதற்கும் நீர்முள்ளியைக் கொடுப்பார்கள். நீர்முள்ளிக்குப் பக்கத்திலேயே, நான்கு மஞ்சள் இதழும் கிராம்பு போன்ற காயும் கொண்ட நீர்க்கிராம்பு நிற்கும். காலடியில் சேற்றோடு சேறாகப் படர்ந்து கிடப்பது நீர்ப்பிரமி: தடித்த சிறிய இலை, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய, வெள்ளையில் இலேசாக நீலம் ஓடிய பூ. பிரமி கேட்டு வருபவர்களுக்கு வல்லாரையைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இரண்டும் ஈரநிலத்தில் படரும் செடிகள்தாம், ஆனால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை.

பங்குனிக்குமேல் நீரின் விளிம்பு சிவக்கும். நீர்மேல் நெருப்பு என்று நம் முன்னோர் பெயர் வைத்த சின்னஞ்சிறு செடி அப்போது கூட்டமாக முளைக்கிறது. அதன் தண்டின் சிவப்பைப் பார்த்தாலே பெயருக்குக் காரணம் புரியும். இலையை அரைத்துத் தோலில் வைத்தால் கொப்புளம் எழும்புவதையும் சேர்த்தே அப்படி அழைத்தார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கடைசியாகத் தரை வெடிக்கும் கோடையில் பொடுதலையும் செருப்படையும் மண்ணோடு ஒட்டிப் படர, தேள்கொடுக்கு தன் பூங்கதிரைத் தேளின் வாலாகச் சுருட்டி நிற்கும். ஒரே நிலம் ஐந்தாறு மாதத்துக்குள் இத்தனை பயிரையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் காட்டுகிறது. அதற்கு யாரும் விதைப்பதும் இல்லை, தண்ணீர் பாய்ச்சுவதும் இல்லை.

இந்தச் செடிகளைப் பறித்து என் கடைக்குக் கொண்டுவரும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். முன்பெல்லாம் விடியற்காலையில் தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் இறங்கி, பத்து மணிக்குள் பொன்னாங்கண்ணிக் கட்டுகளைக் கீரைக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, நீர்முள்ளியையும் பிரமியையும் கரிசலாங்கண்ணியையும் என்னிடம் இறக்குவார். இப்போது உத்திரமேரூருக்கு அப்பால் பேருந்தில் போய்ப் பறித்து வருகிறார். இங்கே ஏரிகள் நிறைந்துதானே கிடக்கின்றன என்று ஒருமுறை கேட்டேன். "தண்ணி இருக்குது தம்பி, எறங்கத்தான் எடம் இல்ல" என்றார். நான் சொல்ல வந்த முறையீடு முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது.

எங்கள் பகுதி ஏரியில் ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை நேரில் பார்த்தேன். எந்த ஏரி, எந்தத் துறை என்று குறிப்பிடாமல் விடுகிறேன்; ஒருவரைக் குறை கூறுவது என் நோக்கம் அல்ல, இதே முறைதான் பல இடங்களிலும் கையாளப்படுகிறது. கோடையில் தண்ணீர் வற்றியதும் இரண்டு பொக்லைன் இயந்திரங்கள் உள்வாய்ப் பக்கத்தில் இறங்கின. ஆழப்படுத்த வேண்டிய மதகுப் பக்கத்தை விட்டுவிட்டு, வண்டி எளிதில் இறங்கும் மேட்டுப் பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினார்கள். வண்டல் மட்டுமன்றி, அதற்குக் கீழிருந்த கெட்டி மண்ணையும் ஆள் உயரத்துக்குமேல் எடுத்தார்கள். டிப்பர் லாரியில் கொட்டிய ஒரு வாளி மண்ணிலிருந்து கட்டி ஒன்று சிதறி என் காலடியில் விழுந்தது. உடைத்துப் பார்த்தேன். உள்ளே ஆம்பல் கிழங்கு ஒன்றும், கொட்டைப்பாக்கு அளவில் ஐந்தாறு கொட்டிக்கிழங்குகளும் ஈரம் காயாமல் இருந்தன. மேலே தரை பாளம் பாளமாக வெடித்திருந்த சித்திரை மாதம் அது.

வற்றிய குளத்தை விட்டுப் பறவைகள் பறந்துவிட, கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே ஒட்டிக்கிடப்பதைச் சொல்லும் பழைய வெண்பாவை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். உறவுக்கு உவமையாக அது சொல்லப்பட்டாலும், அதற்குள் கண்ணால் கண்ட தாவரவியல் இருக்கிறது. இந்த மூன்றும் நீர் போனபின் இலையை இழந்து, கிழங்காகச் சேற்றுக்குள் உறங்கி, அடுத்த மழையில் அதே இடத்தில் எழுகின்றன. நீர்முள்ளி, நீர்மேல் நெருப்பு போன்றவற்றின் விதைகள் மேல்மண்ணில் கலந்து முளைக்கக் காத்திருக்கும். ஆகவே வறண்ட ஏரியில் வெறும் மண்ணாகத் தெரிவது உண்மையில் அடுத்த ஆண்டின் விதைக்களஞ்சியம். மேல் அரையடி மண்ணை அள்ளி எங்கோ ஒரு மனைக்கட்டை நிரப்பக் கொட்டிவிட்டால், ஏரியில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் எழுவதற்குச் செடி இருக்காது.

மண் போனதைவிடப் பெரிய இழப்பு சரிவு போனது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐம்பது அடிக்கு ஓர் அடி என்ற வீதத்தில் நிலம் இறங்கினால், மூன்றடி ஆழம் வருவதற்குள் 150 அடி அகலமுள்ள ஆழமற்ற நீர் கிடைக்கிறது. அதே இடத்தை வெட்டி, இரண்டடிக்கு ஓர் அடி என்ற சரிவில் கரை எழுப்பிக் கல் பதித்துவிட்டால், அந்த அகலம் 6 அடியாகிவிடும். அந்த 6 அடியிலும் அடியில் இருப்பது கல். அலைகற்கள் பதிப்பது நம் பழைய வழக்கம்தான். ஆனால் அலை வந்து மோதும் கரைக்கு மட்டுமே பதித்தார்கள். ஏரியைச் சுற்றிலும் கரை கட்டிக் கல் பதித்து, அதன்மேல் நடைபாதை போடுவது அண்மைக்கால வழக்கம். அப்படிச் செய்யும்போது மேட்டிலிருந்து பரவி வரும் மழைநீருக்கும் நாமே அணை போடுகிறோம். எங்கள் ஏரியில் இப்போது ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கிறது. மாலையில் நானும் அந்த நடைபாதையில்தான் நடக்கிறேன். நீர்முள்ளி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆம்பல் இலையின்மேல் கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கும் நீளவால் இலைக்கோழியையும் அங்கே பார்த்து ஆறு ஆண்டு ஆகிறது.

காலியான இடத்துக்கு வேறு செடிகள் வந்து சேர்ந்தன. ஆழமும் செங்குத்தான கரையும் ஆகாயத் தாமரைக்கு இடையூறே அல்ல, ஏனெனில் அதற்குத் தரையே தேவையில்லை. தென் அமெரிக்காவில் பிறந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு அழகுச் செடியாக வந்து, நாடெங்கும் பரவிய அச்செடி, சாக்கடை நீரில் உள்ள சத்தைத் தின்று, ஏற்ற சூழலில் இரண்டே வாரத்தில் இருமடங்காகிவிடும். அதன் ஊதாப் பூங்கொத்தைப் பார்த்து 'ஏரி பூத்துக் குலுங்குகிறது' என்று படம் பிடிப்பவர்களைப் பார்க்கும்போது என் மனம் வேதனைப்படுகிறது. நீரைப் போர்வையாக மூடி, கீழே உள்ள செடிக்கு வெளிச்சத்தையும் மீனுக்குக் காற்றையும் தடுக்கும் செடி அது. வெளிர்ச்சிவப்புப் பூப் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அப்படிப்பட்ட அயல்நாட்டு வரவுதான். இவற்றை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆள் உயரத்துக்கு வளரும் புல்லாகிய நம் ஊர்ச் சம்புகூடச் சாக்கடை கலந்த இடத்தில் மற்றவற்றை நெருக்கித் தள்ளிவிடுகிறது. அதை ஆண்டுதோறும் பகுதி பகுதியாக அறுத்துக் கட்டுப்படுத்துவதே முறை. ஆனால் பொக்லைன் வாளிக்கு ஆகாயத் தாமரையும் ஆம்பலும் ஒன்றுதான். அவற்றைப் பிரித்தறியக்கூடிய ஒருவராவது கரையில் நிற்க வேண்டும்.

நடைபாதை ஓரத்தில் பசுமை வேண்டும் என்று நட்ட செடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெடேலியா என்னும் மஞ்சள் பூச்செடி இன்று சென்னையின் பல ஏரிக்கரைகளில் பாய்போலப் பரவியிருக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த அது, நம்முடைய மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு நெருங்கிய உறவு. பூவைப் பார்த்தால் எளிதில் ஏமாந்துவிடலாம். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டு, விளிம்பு பெரிதாகப் பிளவுபடாமல் இருக்கும். வெடேலியா இலை அகன்று, பளபளப்பாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். மஞ்சள் காமாலைக்கு என்று நடைபாதை ஓரத்தில் இதைப் பறித்து, "அரைத்துக் கொடுக்கலாமா?" என்று கேட்டு என் கடைக்கு வந்தவர்கள் உண்டு. அசல் செடி அந்த ஈரக் கரையிலேயே விளைந்த இடம் இது என்பதை நினைத்தால் பொறுக்கவில்லை.

ஏரிச் செடிகளை விட்டுவைத்தால் கொசுவும் பாம்பும் பெருகும் என்று குடியிருப்போர் அஞ்சுகிறார்கள். டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடுவது பெரும்பாலும் வீட்டுத் தொட்டியிலும் டயரிலும் தேங்கும் நீரில். வீட்டைச் சுற்றிக் கடிக்கும் மற்றக் கொசு பெருகுவது சாக்கடைத் தேக்கத்தில். மீனும் தட்டான் புழுவும் வாழும் செடியடர்ந்த நீரில் கொசுப்புழுக்கள் அவற்றுக்கு இரையாகின்றன. 2015 வெள்ளத்துக்குப்பின் ஏரிகளின் கொள்ளளவைக் கூட்ட வேண்டும் என்ற வாதத்தையும் நான் மறுக்கவில்லை. ஆழப்படுத்த வேண்டிய இடம் மதகையும் கரையையும் ஒட்டிய பகுதி. உள்வாய்தான் பெருமழையில் தண்ணீர் அகலப் பரவி நிற்கும் இடம். அதைக் கரை கட்டிக் குறுக்கினால் ஏரியின் பரப்பு சுருங்குமே அன்றிப் பெருகாது.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்து, 1,247 ஹெக்டேர் பரப்புக்கு உலக அளவிலான மதிப்புக் கிடைத்ததை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்றோம். ஆனால் அந்தச் சதுப்பு தனியாக வாழவில்லை. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் உபரி நீர்தான் அங்கே போய்ச் சேர்கிறது. நீரோடு விதையும் போகிறது. மேலே உள்ள ஏரிகளோ சட்டத்தின் பார்வையில் ஈரநிலமே அல்ல. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் ஏரிகள் பெரும்பாலும் பாசனத்துக்கு வெட்டியவை. அவற்றின் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெற்ற வயல், வீட்டுமனையாகிப் பல ஆண்டுகள் ஆனபின்னும் அந்த விலக்கு அப்படியே நிற்கிறது. நூறு ஈரநிலங்களை மீட்பதற்கென்று இயக்கம் தொடங்கிய தமிழக அரசு, இந்த ஏரிகளின் உள்வாய்க்கு மட்டுமாவது தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரு பாதுகாப்பை அறிவிக்கலாம்.

நான் கேட்பது பெருஞ்செலவு வைக்கும் காரியம் அல்ல. எந்த ஏரியிலும் வேலை தொடங்குவதற்கு முந்தைய தை, மாசி மாதங்களில் அங்கே பூக்கும் செடிகளைத் தாவரவியல் தெரிந்தவர்களைக் கொண்டு பட்டியலிட்டு, அதை வேலைக்கான மதிப்பீட்டோடு சேர்க்க வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1929லேயே சென்னை நகரிலும் அதை அடுத்தும் உள்ள பூக்கும் தாவரங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்ட ஊர் இது. கைப்பேசியில் படம் பிடிக்கும் காலத்தில் ஏரிக்கு ஒரு பட்டியல் எடுப்பது கடினமாகாது. உள்வாய்ப் பக்கத்தில் கல் பதிக்காமல், நிலத்தின் இயல்பான சரிவை அப்படியே விட வேண்டும். அங்கேயும் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மேல் அரையடி மண்ணைத் தனியே குவித்து வைத்து, வேலை முடிந்ததும் அதே பக்கத்தில் பரப்பிவிடச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நடைபாதை கரையின்மேல் மட்டும் இருக்கட்டும். ஆகாயத் தாமரையைப் பூத்து விதை விழுமுன் எடுக்க வேண்டும். அதன் விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். சாக்கடை இணைப்பை அடைக்காமல் எத்தனை முறை எடுத்தாலும் அது திரும்ப வரும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியாதது அல்ல.

அல்லிக்கேணியால் பெயர்பெற்ற திருவல்லிக்கேணியும், செங்கழுநீர்ப் பூவால் பெயர்பெற்றதாகச் சொல்லப்படும் செங்கல்பட்டும் இருக்கும் பகுதி நம்முடையது. சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே அல்லிக்குளம் என்ற பெயரில் இன்று இருப்பது கடைகள் நிறைந்த வளாகம். தாம்பரத்து ஏரிகளுக்கு அந்த நிலை வருவதற்கு இன்னும் சிறிது காலம் இருக்கிறது என்று நம்புகிறேன். எங்கள் ஏரியிலும்கூட, வரத்துக் கால்வாய் வந்து சேரும் மூலையில், இயந்திரம் திரும்ப இடமில்லாமல் விட்டுப்போன ஏறத்தாழ முப்பதடி நிலத்தில், சென்ற தை மாதம் கொட்டி பூத்திருந்ததைப் பார்த்தேன். கதிர்களை எண்ணினேன், பதினான்கு இருந்தன. இந்த ஆண்டு அந்த மூலையையும் சமன்படுத்தி இருக்கை போடப்போவதாகக் கேள்விப்படுகிறேன். முடிவெடுக்கும் அதிகாரிகள் அதற்கு முன் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். செடிகளைப் பெயர் சொல்லிக் காட்ட நானும் வருகிறேன், அந்த மூதாட்டியையும் அழைத்து வருகிறேன். காலை எட்டு மணிக்குள் வந்தால், மறுகரைக்கு அருகே மிஞ்சியிருக்கும் ஒரேயொரு ஆம்பல் கொடியில் பூ மூடாமல் இருக்கும்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
மேற்குத் தாம்பரம், சென்னை.